டோர் நம்பர்: டி.என்.34

உங்கள் ஹாஸ்டலிலும் கட்டாயம் ஒருத்தன் இருப்பான். காலையில் இன்டர்னல்ஸை வைத்துக்கொண்டு, ராத்திரி 12 மணிக்கு மொபைலை நம் மூஞ்சிக்கு நேராக நீட்டி, ''மச்சி, இதான்டா லைஃப்!'' என்பான். ஸ்க்ரீனில் ஒரு வெள்ளைக்கார ஜோடி, ஒரு வேன். பின்கதவைத் திறந்தால் கடல். வாடகை இல்லை, ஹவுஸ் ஓனர் இல்லை, 'தம்பி, பத்து மணிக்கு மேல மோட்டார் போட மாட்டோம்' இல்லை. வருஷம் முச்சூடும் வேனுக்குள்ளேயே குடித்தனம்!

எங்கள் ரூமில் அந்த ஒருத்தன் என் ரூம்மேட். நானும் அவனும் மூன்றாம் வருஷ மெக்கானிக்கல். கேம்பஸில் வேலை கிடைத்தால் ரெண்டே வருஷம்... செகண்ட் ஹேண்டில் ஒரு டெம்போ டிராவலர் வாங்கி, சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு, நாலு பேரும் அதிலேயே நிரந்தரமாகக் குடியேறுவது என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டோம். சும்மா வாய்ப்பேச்சு இல்லை, ஆட்டோகேடில் டிராயிங்கே போட்டாச்சு. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு மடக்குக் கட்டில். கூரையில் சோலார் பேனலும் தண்ணீர் டேங்க்கும். பின்னால் பாத்ரூம். செமஸ்டருக்குக்கூட நாங்கள் இவ்வளவு சுத்தமாகப் போட்டதில்லை.

அந்த டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஊர், சோமனூர். அங்கே எனக்குத் தெரிந்து ஏற்கெனவே ஒரு மனிதர் எட்டு மாசமாக வண்டியிலேயே குடியிருக்கிறார். என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து அவிநாசி ரோட்டில் வந்து கருமத்தம்பட்டியில் ரைட் எடுத்தால் சோமனூர். ரயிலிலும் வரலாம், கோவை - ஈரோடு லைனில் ஸ்டேஷன் உண்டு. எக்ஸ்பிரஸ்கள் ஹாரன் அடித்து டாட்டா காட்டிவிட்டுப் போய்விடும், பாசஞ்சர் நிற்கும். இறங்கினதும் முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். 'டடக்கு டடக்கு' என்று விசைத்தறி. வீட்டை ஒட்டியே தறிக் குடோன். குழந்தைக்கு இங்கே யாரும் கஷ்டப்பட்டுத் தாலாட்டு பாட வேண்டாம், தறி ஓடினால் தானாகத் தூங்கும். கரன்ட் போனால்தான் தெருவே முழித்துக்கொள்ளும். நம்பவில்லையா? ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. காரணம், அமைதி!

அண்ணனுக்கு 12 தறி இருந்தது. எல்லாம் கூலித் தறி. அதாவது, ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் கொடுப்பார். நெய்து துணியாகத் திருப்பிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி நம்முடையது, கரன்ட் பில் நம்முடையது, உடைகிற சாமான் நம்முடையது. கூலி எவ்வளவு என்பது மட்டும் நம் கையில் இல்லை. கூலியை உயர்த்தச் சொல்லி கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரர்கள் 2022 தொடக்கத்தில் வாரக்கணக்கில் தறியை நிறுத்தினார்கள். 2025 மார்ச் 19-ம் தேதி மறுபடியும். இந்தத் தடவை ஏப்ரலிலும் தொடர்ந்தது. அந்த நாட்களைப் பற்றி எங்கள் ஆத்தா சொல்வது: ''எளவு வூடாட்ட இருந்துச்சு கண்ணு. ராத்திரியில நாய் கொலைக்கறதெல்லாங் கேட்டுதே!''

கூலி கொஞ்சம் ஏறி, தறிகள் மறுபடி ஓடின. அண்ணனுடைய 12 மட்டும் ஓடவில்லை. ஸ்டிரைக்குக்கு முன்னாடியே கடன் கழுத்து வரைக்கும் இருந்தது. எடைக்குப் போட்டுவிட்டார். பழைய இரும்புக்காரர் தறியைக் கழற்றும்போது அதில் நெய்த மனிதர் பக்கத்தில் நிற்கக் கூடாது பாஸ். அண்ணன் நின்றார். ஸ்பேனர் வேறு எடுத்துக் கொடுத்தார்.

முன்னாடி பாவு ஏற்றும் டெம்போவும், கொஞ்ச நாள் லாரியும் ஓட்டி, ஹெவி லைசென்ஸ் கையில் வைத்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரைவர் வேலை கிடைத்தது. வேலைக்குப் போனார் என்பதைவிட, குடிபோனார் என்பதுதான் சரி.

ரிக் என்றால் போர் போடுகிற வண்டி. உங்கள் தெருவில் போர் போட்டபோது காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்திருப்பீர்கள். வண்டியின் நெற்றியைப் பார்த்திருந்தால் 'திருச்செங்கோடு' என்று எழுதியிருந்திருக்கும். நாமக்கல் மாவட்டத்து ஊர். லாரி சேஸிஸ் அங்கே வந்து இறங்கும். கம்ப்ரஸர், கோபுரம், ஹைட்ராலிக் எல்லாம் ஏறி, முழு ரிக்காக வெளியே போகும். கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கெங்கோ துளை போடுகிறது. கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. மாசக்கணக்கில் வீடு திரும்பாத வண்டிகள். டி.என்.34 என்பது திருச்செங்கோட்டு ஆர்.டி.ஓ. நம்பர்.

ரிக் தனியாகப் போகாது. கூடவே சப்போர்ட் வண்டி என்று ஒரு லாரி போகும். அதில்தான் ராடு, டீசல் பேரல், வெல்டிங் செட், அரிசி மூட்டை, மனிதர்கள் எல்லாம். அண்ணன் ஓட்டுவது அதைத்தான். ரெண்டு வண்டிக்கும் சேர்த்து ஒன்பது பேர். டிரைவர் ரெண்டு, டிரில்லர் ரெண்டு, கணக்கு பார்க்கிற மேனேஜர் ஒருத்தர், ஹெல்பர்கள் நாலு. முன்பெல்லாம் ஹெல்பர்களும் உள்ளூர்ப் பையன்கள்தானாம். இப்போது அநேகமாக வடக்கத்திப் பையன்கள். அண்ணன் வண்டியில் நாலு பேருக்கும் சத்தீஸ்கர்.

சர்வீஸுக்காகத் திரும்பிய வண்டிக்கு, பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் சாமளாபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை கிடைத்தது. எங்களுக்கு அடுத்த ஊர். நொய்யல் தண்ணீர் வந்து சேருகிற பெரிய குளம் இருக்கிறது. குளத்துக்குப் பக்கத்திலேயே போரா என்று கேட்காதீர்கள். எங்கள் மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை. அதில் விரிசல் விட்ட இடத்தில்தான் தண்ணீர். அந்த விரிசல் எங்கே என்று தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தோப்பெல்லாம் நடந்து காட்டுவார். (இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் என்ற முறையில் நான் 'நோ கமென்ட்ஸ்'.) அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விட வழி பண்ணியிருக்கிறார்கள். தாத்தா காலத்துக் கோரிக்கை. இருந்தாலும், 'ஆயிரம் அடி போட்டோம்' என்றால் எங்கள் பக்கம் இன்றைக்கும் யாரும் புருவத்தைத் தூக்குவதில்லை.

நான் போனபோது இருபத்தைந்தாவது ராடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ராடு 20 அடி. கம்ப்ரஸர் காற்று அடியில் உள்ள ஹேமரை இடித்து இடித்துப் பாறையை மாவாக்கும். அதே காற்று மாவையும் மேலே தூக்கிக்கொண்டு வரும். மரம், மட்டை, மனிதர் எல்லாம் திருநீற்றில் புரட்டி எடுத்த மாதிரி. அண்ணனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ''டேய் தம்பி!'' என்ற குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முப்பத்திரண்டாவது ராடில் புழுதி சேறாச்சு. சேறு கலங்கல் தண்ணீராச்சு. தோட்டத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ஹெல்பர் பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீருக்கு நேராகப் போய் நின்றார்கள். அவர்களுக்கு அன்றைக்குக் குளியல் அதுதான். தண்ணீர் வராத ஊரில்? ''துண்ட நனைச்சுத் தொடச்சுக்குவோம்.''

ராத்திரி சமையல். சேஸிஸுக்குப் பக்கவாட்டில் ஓர் இரும்புப் பெட்டி. மூடியைக் கீழே இறக்கினால் அதுவே மேஜை. உள்ளே ஸ்டவ், குக்கர், அஞ்சறைப் பெட்டி. எங்கள் டிராயிங்கில் கிச்சனுக்கு ஆறடி ஒதுக்கியிருந்தோம், இங்கே மொத்தம் மூணடிதான். ஒன்பது பேருக்குச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. தட்டைக் கழுவி வைத்ததும் டார்ச் லைட்டில் டிராயிங்கை விரித்தேன். அண்ணன், மூத்த டிரில்லர் ஒருத்தர், ரெண்டு ஹெல்பர்கள். நான் எழுதின எந்த வைவாவிலும் எக்ஸ்டர்னல் இப்படிக் கேட்டதில்லை.

''தண்ணி எத்தன லிட்டரு?''

''அறுநூறுங்ணா. நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு கவர்மென்ட் கணக்கு. நாலு பேருக்கு 540.''

''டேங்க்கு எங்க?''

''மேல. தானா எறங்கி வரும்ல, பம்பு வேண்டாம்!''

மூத்த டிரில்லர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, ''அறுநூறு கிலோவத் தலையில வெச்சுட்டுத் தொப்பூர் கணவாய்ல எறங்குவியாடா?'' என்றார். சேலம் - தருமபுரி ரோட்டில் லாரிக்காரர்களே சாமி கும்பிட்டுவிட்டு இறங்குகிற இடம். பாதி காலியான டேங்க்கில் தண்ணீர் வளைவுக்கு வளைவு ஒரு பக்கமாக ஓடி வண்டியைச் சாய்க்கும். சென்டர் ஆஃப் கிராவிட்டியை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். டிராயிங் போடும்போது அது ஞாபகம் வரவில்லை. இவர்கள் குடிக்கவும் சமைக்கவும் வைத்திருப்பது 200 லிட்டர் டிரம் ஒன்று. லாரியின் அடிமட்டத்தில், சக்கரத்தை ஒட்டி, பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறது.

சோலாரும் அவுட். 200 வாட் பேனல், நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் தரும். அதில் ஃபேன், லைட், மொபைல் ஓடும். ரூம்மேட் ஆசைப்பட்ட ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடும். அதற்கப்புறம் ஜன்னல்தான்.

''பாத்ரூம் வெச்சிருக்கீங்க, சரி. நெறஞ்சா எங்க கொட்டுவீங்க?'' இதற்கு என்னிடம் பதில் இல்லை. அமெரிக்காவில் கேரவன் நிறுத்துகிற இடங்களில் அதற்கென்றே குழாய் வைத்திருக்கிறார்கள். இவர்களுக்குப் பெட்ரோல் பங்க்கும், விடிவதற்கு முன்னால் காடும். ராத்திரி நிறுத்துவதற்கும் பங்க்தான். அதுவும் வெளிச்சத்துக்கு அடியில், டீசல் டேங்க் தெரிகிற மாதிரி. கண்ணயர்ந்தால் டீசல் போய்விடும். அழகான இடத்தில் நிறுத்தலாம் என்கிற யோசனையே அண்ணனுக்குப் புரியவில்லை. ''ஆளில்லாத எடத்துல நிறுத்தறதுக்கா வண்டி வாங்கறீங்க?''

கேபினுக்குப் பின்னால் ஒரு பலகையில் அண்ணன் தூங்குகிறார். கேபின் மேல் தார்ப்பாய் கட்டி மூன்று பேர். மீதிப் பேர் ராடு அடுக்கின் மேல் பலகை போட்டு. இதில் அவர் கேட்ட ஒரு கேள்வியை நாலு பேரும் அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம். ''நீங்க நாலு பேரும் சண்ட போட்டுக்கிட்டா எந்த ரூமுக்குப் போவீங்க? நாங்க எறங்கி நடப்போம். மத்தியப் பிரதேசத்துல ஒருக்கா நாலு கிலோமீட்டர் நடந்தேன். திரும்பித்தான வரோணும்... வேற வூடு இல்லியே.''

கடைசியாக மூத்த டிரில்லர் டிராயிங்கில் விரலை வைத்தார். இருபது வருஷமாக ரிக்கில் இருப்பவர். ''எல்லாம் போட்டிருக்கறீங்க தம்பி. காயிதம் எங்க வரும்?''

புரியவில்லை.

''தபாலு தம்பி. இந்த வூட்டுக்கு அட்ரஸ் என்னங்க?''

பாஸ், இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. சட்டம் பற்றிக்கூட யோசித்திருந்தோம். நினைத்த மாதிரி வேனை வீடாக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.124 என்று தனி ஸ்டாண்டர்டு இருக்கிறது. கேரளா 2021-ல் கேரவன் டூரிஸத்துக்குத் தனிப் பாலிசியே போட்டது. ஆக, வண்டிக்கு வழி இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ரெண்டு நாள், நாலு நாள் தங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு. திரும்பாதவனுக்கு ரேஷன் கார்டு எங்கே? ஆதாரில் என்ன எழுதுவது? வோட்டு எந்த பூத்தில்?

டிரில்லர் சொன்னார், 2024 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடே வோட்டுப் போட்டபோது அவர் சத்தீஸ்கரில் 700 அடியில் இருந்தாராம். அதற்கு முன்னால் மூன்று தேர்தலும் இப்படியே. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் திருத்த வீடு வீடாகப் படிவம் கொண்டு வந்தார்களே, அப்போது அண்ணன் மகாராஷ்டிராவில். வீட்டில் நங்கை இருந்ததால் (அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம்) அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் பேர் தங்கியது. தற்காலிகமாக வெளியூர் போனால் மட்டும் பேரை எடுக்கக் கூடாது என்று 1950-ம் வருஷச் சட்டமே சொல்கிறது. சரி, வந்தவர் கதவைத் தட்டும்போது திறக்கவே ஆள் இல்லாவிட்டால்?

நாங்கள் மொபைலில் பார்த்த ஜோடிக்கும் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு அம்மா, ஒரு தபால் பெட்டி கட்டாயம் இருக்கும். அது வீடியோவில் வராது. வேறு மாதிரி வண்டிவாசிகளும் அமெரிக்காவில் உண்டு. 2008 பொருளாதாரச் சரிவுக்கு அப்புறம் வீடு போய், வேனில் குடியேறி, குடோன் வேலைக்கும் கிழங்கு அறுவடைக்கும் ஊர் ஊராகப் போன வயசானவர்கள். ஜெசிகா ப்ரூடர் 2017-ல் 'நோமேட்லேண்ட்' என்று புத்தகமாக எழுதினார். அதிலிருந்து எடுத்த படம் 2021-ல் ஆஸ்கர் வாங்கியது. ரூம்மேட் அந்தப் படத்தை டவுன்லோடு பண்ணி, பாதியில் நிறுத்திவிட்டான். 'போர்டா' என்றான். எனக்கு அதில் வந்த அந்த அம்மாவைவிட, தறியைக் கழற்ற ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த கைதான் ஞாபகம் வந்தது.

பொங்கலுக்கு வண்டி ரெண்டும் எங்கள் தெருமுனையில் நின்றன. தமிழ்க்காரர்கள் அவரவர் ஊருக்குப் பஸ் ஏற, சத்தீஸ்கர் பையன்கள் நாலு பேருக்கும் எங்கள் வீட்டில்தான் பொங்கல், கரும்பு எல்லாம். அண்ணன் மகள் யு.கே.ஜி. லாரியைப் பார்த்ததும், ''அப்பா வூடு வந்துருச்சு!'' என்று கத்திக்கொண்டு ஓடியது. பெரியவர்கள் எல்லோரும் சிரித்தோம். நங்கை சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி அண்ணன் வீட்டுக்குள் படுத்தார். ஒரு மணிக்கு எழுந்து தலைகாணியை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார். அவர் குடோனில் தறி இல்லை, பண்டிகை என்பதால் பக்கத்து வீட்டிலும் ஓடவில்லை. வீடு கம்மென்று இருந்தது. நானும் பின்னாலேயே போனேன். கேபினில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

''மொத மாசம் அழுதேன்டா. ஹிந்தி தெரியாது, வயிறு ஒத்துக்கல. மூணாவது மாசத்துல என்னமோ ஆயிப்போச்சு. காலைல முழிச்சா எந்த ஊர்னு தெரியாது பாரு, அது புடிச்சுப் போச்சு. கடங்காரன் இல்ல, கூலிக்குப் போய் நிக்க வேண்டியதில்ல. இப்ப வூட்டுக்கு வந்தா ரெண்டு நாள்ல கையி ஸ்டீயரிங்கத் தேடுது.'' கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். ''கடன் அடைய ரெண்டு வருசம்னு சொல்லிட்டுத்தான் போனேன். அடைஞ்சாலும் எறங்குவனான்னு தெரில. உங்க நங்கைகிட்டச் சொல்லிராத.''

சொல்லவில்லை. காலையில் பால் காய்ச்சிக்கொண்டே நங்கைதான் கேட்டார். ''என்ன, உங்கண்ணன் வண்டியே கதின்னு ஆயிட்டேன்னு சொன்னாரா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கறாரு. போன்ல வண்டிச் சத்தம் கேட்டா நல்லாப் பேசுவாரு. சத்தமில்லாத எடத்துலர்ந்து பேசினா ரெண்டே வார்த்தை. எட்டு மாசமாக் கேக்கறனே.'' அப்புறம், ''எழுதறதுன்னா எழுதிக்க கண்ணு. அவரும் படிக்கட்டும்'' என்றார். அந்த பர்மிஷனில்தான் எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கல் முடிந்து அடுத்த நாள் விடிகாலை 4 மணிக்கு வண்டி கிளம்பியது. முதலில் திருச்செங்கோடு, சர்வீஸ் முடிந்ததும் அப்படியே கர்நாடகா. அண்ணன் கேபினில் ஏறின பிறகு, நங்கை ஒரு டிபன் பாக்ஸையும், தூங்கிக்கொண்டிருந்த மகளையும் மேலே தூக்கிக் கொடுத்தார். மகளை ஒரு நிமிஷம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் அண்ணன். டிபன் பாக்ஸ் மட்டும் போனது.

ஹாஸ்டலுக்கு வந்து டிராயிங்கைத் திருத்தினோம். டேங்க் கீழே வந்து 200 லிட்டராகிவிட்டது. பாத்ரூமை எடுத்துவிட்டோம். ஏ.சி.க்கு ரூம்மேட் இன்னும் சண்டை போடுகிறான். வண்டியில் இருப்பது மூன்று பேர்தான் என்றும், வருஷத்துக்கு ஒருத்தர் முறை வைத்து ஊரில் ஒரு ரூமில் இருப்பது என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. முதல் வருஷம் யார் ரூமில் இருப்பது என்பதில்தான் எல்லோருக்கும் தொண்டை அடைக்கிறது.

போன வாரம் நங்கைக்குப் போன் போட்டேன். பேச்சுவாக்கில் சொன்னார், அண்ணனுக்கு பாங்க்கிலிருந்து புது ஏ.டி.எம். கார்டு தபாலில் வந்ததாம். கையெழுத்துப் போட்டு வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். அண்ணன் அன்றைக்கு எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டேன்.

''ஓசூர் தாண்டிட்டேன்னாரு. அதுக்கு மேல நாங் கேக்கல.''